ஏலகிரிப் பாறையில் ஒரு ஸ்டென்சில் எழுத்து

2023 அக்டோபர் 2, திங்கட்கிழமை. தொழிற்சாலைக்கு விடுமுறை. ஆனாலும் வழக்கத்தை மாற்றவில்லை. எழுந்ததும் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன், முகச்சவரம் செய்தேன், ஸ்கூட்டரைத் துடைத்தேன். காபியோடு உட்கார்ந்து முந்தைய நாளின் நாட்குறிப்பை எழுதி முடித்தபோது ஆவடி சேக்காட்டில் எங்கள் வாசலுக்கு வேன் வந்து நின்றது.

மகளின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்திருந்தது. முதல் பத்திரிகையை மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வத்தின் முன் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். கோயில் ஜோலார்பேட்டைப் பக்கம். நானும் மனைவியும் மகளும், மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவுமாகக் கிளம்பினோம்.

மாப்பிள்ளை, நானே கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர். எங்கள் பிரிவிலேயே, எனக்குக் கீழே வேலை செய்கிறார். மரப்பெட்டிகளின் மேல் எண்ணும் எழுத்தும் அடிக்கிற பிரிவு அது. அவர் தகட்டில் எழுத்துகளை ஸ்டென்சிலாக வெட்டி, அதைப் பெட்டியில் வைத்துப் பெயின்ட் அடிப்பார், நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவேன். கோடு கோணாத வேலை, அதிகம் பேசாத சுபாவம். ஜாதகமும் பொருந்தியது. காதல் என்று வந்து நிற்பது எனக்குப் பிடிக்காது. சித்தப்பாவின் பேத்தி அப்படிச் செய்துகொண்டபோது நான் கல்யாணத்துக்கே போகவில்லை. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கோயிலில் பத்திரிகையை வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். வெளியே வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா மலையைக் காட்டினார். "இவ்ளோ தூரம் வந்துட்டோம், சம்பந்தி. ஏலகிரியை ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாமே?"

"மேல ஒண்ணும் இல்லம்மா. வெயில் வேற" என்றார் மாப்பிள்ளை, அவசரமாக.

"நீங்க போயிருக்கீங்களா, மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"இல்ல சார்... இல்ல மாமா. போனதில்ல."

நிச்சயதார்த்தம் முடிந்தும் அவருக்கு என்னைச் சார் என்றுதான் வாய் வரும். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. போகாத மலையில் ஒன்றும் இல்லை என்று எப்படித் தெரியும் என்பதுதான் உறுத்தியது.

கொண்டை ஊசி வளைவுகளில் வேன் ஏறியது. என் மனைவி பையிலிருந்து வாழைப்பழச் சீப்பை எடுத்தாள். "அத்தை, உள்ள வைங்க. அடுத்த வளைவுல குரங்கு உள்ள பூந்துடும்" என்றார் மாப்பிள்ளை. அதுவரை ஒரு குரங்குகூடக் கண்ணில் படவில்லை. அடுத்த வளைவில் பத்துப் பதினைந்து குரங்குகள் சுவரின் மேல் உட்கார்ந்திருந்தன. நான் மகளைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே, பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடத்தில் பாறை, கம்பி, சிமென்ட் பெஞ்சு எதிலும் ஓர் அங்குலம் மிச்சமில்லை. பெயர்கள், இதயங்கள், அம்புகள், கல்லூரிப் பேருந்து எண்கள். ஆவடியிலிருந்து எங்களோடு வந்த டிரைவர் இடுப்பில் கைவைத்துப் படித்தார். "இன்னா சார் இது, மலைய பாக்க வந்தா ரேசன் கடை லிஸ்டு மாரி அல்லார் பேரும் கீது! இதுல எவன் இன்னும் அதே பொண்ணோட கீறானோ!"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "இந்தப் பக்கம் வாங்க மாமா, இங்கேருந்துதான் ஊரெல்லாம் தெரியும்" என்று இடப்பக்கம் அழைத்தார். நான் வலப்பக்கம் போனேன்.

அங்கே ஒரு சரிவான பாறை. கிறுக்கல்களுக்கு நடுவே ஒரே ஒரு வரி மட்டம் பார்த்து வைத்ததுபோல் நேராக இருந்தது. வெள்ளை எனாமல். ஸ்டென்சில் வெட்டும்போது எழுத்தின் உட்பகுதி கழன்று விழாமல் இருக்கச் சிறு இணைப்பு விடுவோம். பெயின்ட் அடித்தபின் அந்த இடம் வெறுமையாகத் தெரியும். அந்த இடைவெளிகள் அப்படியே இருந்தன. எழுத்துக்கு அடியில் ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் சின்ன எண்களில் மாதமும் வருடமும். எங்கள் பிரிவில் பெட்டிக்குப் பெட்டி அப்படித்தான் போடுவோம். காதலைச் சொல்ல வந்த இடத்திலும் தயாரிப்பு மாதம் போடுகிறவன் எங்கள் ஆளாகத்தான் இருக்க முடியும்.

முதலில் மாப்பிள்ளை பெயரின் முதல் எழுத்து. பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர். என் மகளின் பெயர் இல்லை. மாதம், பெண் பார்த்த நாளுக்கு ஒரு வருடம் முந்தையது.

சாமிக்கு வைத்தது ஒரு பத்திரிகைதான். மற்ற கட்டுகள் பிரிக்காமல் வேனில் இருந்தன. நிறுத்துவதென்றால் இன்றே நிறுத்தலாம் என்று தோன்றியது. திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"இது உங்க வேலைதானே?"

"ஆமா, சார்."

"பெயின்ட் எங்கேருந்து எடுத்தீங்க?"

ஏன் அதை முதலில் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. "கடைல வாங்கினேன், சார். சத்தியமா. ஸ்டென்சில்கூட வீட்டுக் காலண்டர் அட்டைதான்."

"பொண்ணு யாரு?"

அவர் என் தோளைத் தாண்டிப் பார்த்தார். மகள் வந்துகொண்டிருந்தாள்.

"நான்தாம்பா" என்றாள். "பேரை மாத்திப் போடச் சொன்னதும் நான்தான். ஆவடிலேருந்து யாராவது வந்து பாத்தா உங்க காதுக்கு வரும்னு பயம்."

"அவரைக் காப்பாத்தப் பொய் சொல்றியா?"

"இவரு இங்கே எழுதிக்கிட்டிருந்தப்போ பையைக் குரங்கு தூக்கிட்டுப் போச்சு. டிபன் பாக்ஸ் போச்சு, துரத்துனதுல என் செருப்பு ஒண்ணும் போச்சு. பஸ்ஸுல தொலைச்சேன்னு வீட்ல வந்து சொன்னேனே, ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இருந்தது. பேருந்தில் ஒற்றைச் செருப்பு எப்படித் தொலையும் என்று அன்றே கேட்டேன். கூட்டம் மிதித்துவிட்டது என்று பதில் சொன்னது மகள் அல்ல, என் மனைவி.

அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. "உங்க பிரிவுலயே ஒரு நல்ல பையன் இருக்கானாமே?" என்று என்னிடம் முதலில் சொன்னவளும் அவள்தான். யார் சொன்னார்கள் என்று நான் கேட்டிருக்கவில்லை. தேர்ந்தெடுத்தது நான் என்றே நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தேன்.

"வேணாம்னா சொல்லிடுங்கப்பா" என்றாள் மகள். "ஆனா இவருல நீங்க பாத்த நல்லது எதுவும் பொய்யில்ல."

நான் வேனுக்கு நடந்தேன்.

வேன் மலை இறங்கியது. பூந்தமல்லி வரும்வரை என் மனைவி இரண்டு முறை தண்ணீர் கொடுத்தாள். என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்கவில்லை. நான் அரைமணி நேரம் வாய் திறக்காவிட்டால் கேட்காமல் விடமாட்டாள். சம்பந்தியம்மாவும் கேட்கவில்லை. கண்ணை மூடியிருந்தார், தூங்கியதாகத் தெரியவில்லை. மலைக்குப் போகலாம் என்றவரும் அவர்தான். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

வேறொரு பெண் இருக்கிறாளோ என்ற பயம் போயிருந்தது. அந்த இடத்தில் இப்போது, தெரிந்தே மறைத்திருக்கக்கூடிய வீட்டு மனிதர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். மாப்பிள்ளை மோசமென்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. என்னிடம் சொல்லவில்லை என்பது மட்டும்தான். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பதும் தெரிந்ததுதான்.

மறுநாள் காலை முதல் வேலையாக, பல்கூட விளக்காமல், நூம்பலில் இருக்கும் என் மனைவியின் அண்ணனுக்குப் போன் செய்தேன். சாமிக்கு அடுத்த பத்திரிகை தாய்மாமனுக்குத்தான், சாயங்காலம் வருகிறோம் என்றேன்.

"வாங்க மச்சான், தங்கமான பையன்" என்றார்.

மாப்பிள்ளையை அவர் நிச்சயதார்த்தத்தில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தார். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.