வெர்லீனின் பிடி

வெர்லீன் பெட்டவே பிடித்த எந்தத் தாயும் இதுவரை தரையில் விழுந்ததில்லை. அமெரிக்கத் தெற்கில் இருக்கும் கேன் பெண்ட் ஊரில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். வாரநாட்களில் பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா கிளறுகிற கைகள் அவை. சாவு என்றால் வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறை, பை நிறைய டிஷ்யூ. கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் தாதிமார் குழுவுக்கு அவள்தான் தலைவி. தாதி என்றால் ஊசி போடுகிறவள் அல்ல. சவப்பெட்டிமேல் விழுந்து கதறுகிறவளை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துகிறவள். கதறல் அடங்காவிட்டால் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போவாள். அங்கே ஒரு நாற்காலி, ஒரு கூஜா தண்ணீர், கனமான கதவு.

அந்தச் சனிக்கிழமை பெட்டியில் கிடந்தவள் ப்ரியெல். இருபத்திரண்டு வயது. வேலை முடிந்து வந்தவளின் காரை ஊர்ப் போலீஸ் தலைவரான ஷெரிப்பின் ஆள் ஒருவன் நிறுத்தினான். அம்மா சார்னெலிடம் சொல்லலாம் என்று போனை எடுக்கப் போனாள். சுட்டுவிட்டான். மறுநாள் டிவியில் ஷெரிப், "சொன்னதைக் கேட்டிருந்தா அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கும்" என்றார். நாக்கு கூசவில்லை அந்த மனிதருக்கு. இப்போது ஷெரிப் பதவிக்குத் தேர்தல் வருகிறது, அவரே முதல் வரிசையில் உட்கார்ந்து துக்கம் கேட்கப் போகிறாராம். போட்டோக்காரரும் உடன் வருகிறாராம்.

காலையிலேயே பாஸ்டர் டாலிவர் வெர்லீனைத் தனியாக அழைத்தார்.

"சிஸ்டர், சார்னெல் கத்த ஆரம்பிச்சா உடனே அந்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. வெளியே ஷெரிப்போட ஆளுங்க வண்டி வண்டியா நிக்கிறாங்க. சின்னதா ஏதாவது ஆனாப் போதும், நம்ம பசங்க தலையிலதான் விடியும்."

பாஸ்டர் கெட்டவர் இல்லை. பயந்தவர். அந்த ஊரில் பயப்படக் காரணத்துக்கா பஞ்சம்? "சரி பாஸ்டர்" என்றாள் வெர்லீன்.

தண்ணீர் வைக்க அறைக்குப் போனாள். நாற்காலியின் கைப்பிடி முழுக்க நகக் கீறல்கள். அதில் அவள் அம்மாவுடையதும் உண்டு. லாக்கப்புக்கு நடந்து போன தம்பி பெட்டியில் திரும்பி வந்தபோது, அம்மாவை இங்கேதான் உட்காரவைத்தார்கள். கதவைச் சாத்தியதும் வெளியே சத்தம் கேட்கவில்லை. அழுகை ஓய்ந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

வெர்லீன் வெளியே வந்து கதவைப் பூட்டினாள். சாவியைக் கையுறைக்குள் செருகிக்கொண்டாள். ஏன் என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

"ஏண்டி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் எர்மா. அவளும் தாதிதான், வெர்லீனின் பள்ளிக்காலத் தோழி.

"சார்னெல் வாயை என்னைப் பொத்தச் சொல்றாரு பாஸ்டர்."

"பெண்டாட்டி வாயையே பொத்தத் தெரியாத மனுஷன்!" என்ற எர்மா, வெர்லீனின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். "நீ என்ன பண்றியோ பண்ணு. நாங்க இருக்கோம்."

பாட்டுகள் முடிந்தன. ஷெரிப் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அடக்கம் செய்பவர் பெட்டி மூடியில் கைவைத்தார்.

"மூடாதீங்க!"

சார்னெல் எழுந்துவிட்டாள். பாஸ்டரின் பார்வை வெர்லீனைத் தேடி வந்தது. வாசலில் நின்ற ஷெரிப்பின் ஆள் இடுப்புத் துப்பாக்கியில் கைவைத்தான். வெர்லீன் போய்ச் சார்னெலின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். அவள் திமிறினாள்.

"அந்த ரூமுக்கு வேணாம், மிஸ் வெர்லீன். உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

பிடித்த கையில் அந்த உடம்பு நடுங்கியது. இதே நடுக்கத்தோடு எத்தனை பேரை அந்தக் கதவு வரைக்கும் நடத்திப் போயிருக்கிறாள்!

"எங்க போகணும், சொல்லு கண்ணு. நான் பிடிச்சிருக்கேன்."

சார்னெல் முதல் வரிசையில் இருந்த ஷெரிப்பைக் காட்டினாள். இருவரும் நடந்தார்கள்.

"சிஸ்டர், ரூமுக்கு!" என்றார் பாஸ்டர், குரல் உடைந்து.

"அது பூட்டியிருக்கு பாஸ்டர்."

வாசலில் நின்றவன் ஓரடி முன்னால் வந்தான். எர்மா எழுந்து நடைபாதையை மறித்து நின்றாள். அவள் பின்னால் மற்ற தாதிகள். அப்புறம் ஒவ்வொரு வரிசையிலிருந்தும் பெண்கள் எழுந்து வந்தார்கள், தோளோடு தோள் உரச. அவன் நின்றுவிட்டான்.

"டிவியில என் மகளைப் பத்திப் பேசினீங்களே," என்றாள் சார்னெல். "அவ முகத்தைப் பார்த்திருக்கீங்களா?"

"உங்க வேதனை எனக்குப் புரியுதும்மா..."

"புரிய வேணாம். வந்து பாருங்க. பார்த்துட்டு, அன்னிக்குச் சொன்னதை அவகிட்டச் சொல்லுங்க."

ஷெரிப் வாசல் பக்கம் திரும்பினார். வாசல் தெரியவில்லை, பெண்கள்தான் தெரிந்தார்கள். எழுந்து பெட்டியருகே போனார். பார்த்தார். தொப்பி கையில் சுற்றிக்கொண்டே இருந்தது. கழுத்து வழியே வியர்வை இறங்கியது. பழக்கதோஷம், வெர்லீனின் கை டிஷ்யூவை எடுத்து நீட்டப் போனது. அவள் அதைத் திரும்பப் பைக்குள் திணித்தாள்.

"சொல்லுங்க" என்றாள் சார்னெல்.

அவர் சொல்லவில்லை. அவள் காத்திருந்தாள், சபை முழுதும் காத்திருந்தது.

"இப்ப மூடுங்க" என்றாள்.

மூடி இறங்கிய சத்தத்தில் வெர்லீனின் முழங்கால்கள் மடங்கின. அம்மாவுக்கும் தம்பிக்கும் அழாமல் வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பி வந்தது. வெட்கத்தோடு கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சார்னெல் அவள் இடுப்பில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். வாயிலிருந்து அந்தக் கையை விலக்கினாள்.

"கத்துங்க, மிஸ் வெர்லீன்" என்றாள்.