சத்தம் போடக் கூடாத இடம்

பினாங்குக் கடற்கரை விடுதிகளில் தங்குகிறவர்கள் பாலம் தாண்டிக் கார் ஓட்டி வந்து பறவை பார்க்கும் பூங்காக்களில் நாங்கள் அன்று போனதும் ஒன்று. பாக்கார் ஆராங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். சதுப்புநிலக் காட்டுக்குள் சேற்றுக்கு மேலே ஒரு பலகைப் பாதை, அவ்வளவுதான்.

வாசலில் இருந்த அறிவிப்பை ஒரு வரி விடாமல் படித்தேன். அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் மற்றவர்களுடைய விண்ணப்பப் பாரங்களில் பிழை கண்டுபிடித்தவன் வேறென்ன செய்வான்? சத்தம் போடக் கூடாது. சாப்பாடு, பானம் கொண்டு போகக் கூடாது. வாங்கி வந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைக் காரிலேயே வைத்தேன்.

"இன்சுலின் ஊசி போட்டுக்கிட்டு வந்திருக்கேன். ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போலாமே," என்றாள் மனைவி.

"வெயில் ஏறினா ஒண்ணும் இருக்காதுலா. அரை மணி நேரம்தான்."

"கையில எடுத்துக்கிட்டாவது வரேன்."

"போர்டப் படி."

மீன்கொத்தி ஒன்றைத் தொலைநோக்கியில் பார்த்து, நேரம், இடம், எண்ணிக்கை எல்லாம் குறிப்பேட்டில் எழுதி நிமிர்ந்தால் அவள் இல்லை. பாதை இரண்டாகப் பிரியும் இடம்வரை போனேன். எந்தப் பக்கமும் ஆளில்லை. கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சில இடங்களில் கைப்பிடிக் கட்டையே கிடையாது.

சர்க்கரை இறங்கினால் என்ன நடக்கும் என்பது எனக்கு வரிசையாகத் தெரியும். வியர்வை, நடுக்கம், குழறல், மயக்கம். மயங்கினால் பலகையில் விழுவாளா, தண்ணீரில் விழுவாளா என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

மெதுவாகக் கூப்பிட்டேன். ஆமாம், அப்போதும் மெதுவாகத்தான். பதிலில்லை. அதற்குப் பிறகுதான் கத்தினேன்.

"இங்க பாரு! இங்க பாரு!"

கல்யாணமான நாளிலிருந்து அவளை அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

வளைவிலிருந்து ஒருவர் கேமராவோடு ஓடி வந்தார். நாற்பது வயதிருக்கும். கூலிம் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தார், சீருடைகூட மாற்றவில்லை.

"எங்கண்ணே? எந்த மரத்துல?"

"பறவை இல்ல தம்பி. என் சம்சாரத்தக் காணோம். இனிப்பு நீரு வியாதி. ஊசி போட்டுட்டு ஒண்ணும் சாப்பிடல."

"அதுக்கு இங்க பாருன்னா யாருக்குண்ணே தெரியும்? பேரச் சொல்லிக் கூப்பிடுங்க!"

வாயைத் திறந்தேன். முதலில் காற்றுதான் வந்தது. எத்தனையோ பாரங்களில் நான் எழுதிய பெயர், வாயால் சொன்னதே இல்லை. கத்தினேன். கொக்குகள் கூட்டமாக எழுந்து போயின. மறுபடியும் கத்தினேன்.

இடது பாதையில், பறவை பார்க்கப் போட்டிருந்த குடிலிலிருந்து சன்னமாகக் குரல் வந்தது. "யாரு?"

தரையில் உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் வியர்வையில் நனைந்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது. விதியை மீறித் தன் பையில் வைத்திருந்த இனிப்புப் பானத்தை அந்தத் தம்பி திறந்து கொடுத்தார். பாதி குடித்து, கொஞ்ச நேரம் கழிந்த பிறகே அவள் கண்ணில் தெளிவு வந்தது.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்களே, நான் செத்துட்டேன்னு நெனச்சிட்டீங்களா?"

அந்தத் தம்பி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நடுக்கம் யாருடைய கையிலிருந்து வருகிறதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.