கேட்டுவிட்டுத் தொட்டவர்

நாலு வருடம், பள்ளி நாள் ஒன்று விடாமல், காலை பத்து மணிக்கு மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மலேசியாவில் எங்கள் செம்பனைத் தோட்டத்திலிருந்து மம்பாவ் பக்கம் இருந்த அந்தத் தமிழ்ப்பள்ளிக்கு மோட்டாரில் இருபது நிமிடம். மகளுக்குப் பிறவியிலேயே முதுகுத்தண்டில் குறை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது, வீல்சேர்தான். ஓய்வு மணி அடித்ததும் அவளைத் தள்ளிக்கொண்டு போய், துடைப்பமும் உடைந்த நாற்காலிகளும் போட்டு வைத்திருந்த ஸ்டோர் அறையில் டயப்பர் மாற்றிவிட்டுத் திரும்புவேன். அதற்காகத்தான் தோட்டத்து நாற்றுப் பண்ணையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டேன். அது எனக்கு இழப்பாகப் படவில்லை. கேண்டீன்காரம்மா, காவல்காரர், ஆசிரியர்கள், எல்லாரும் "இப்படி ஒரு தாயப் பாத்ததில்ல" என்பார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மகள் ஐந்தாம் ஆண்டுக்குப் போனபோது பள்ளிக்குப் புதிதாக ஓர் உதவியாளர் வந்தார். உடல் குறையுள்ள பிள்ளைகளைக் கவனிப்பதற்கென்றே அனுப்பப்பட்டவர். மலாய்ப் பெண். என்னைவிட ஆறேழு வயது இளையவர். போர்டிக்சனிலிருந்து தினமும் கார் ஓட்டிக்கொண்டு வருவார். வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டு, "இனிமே நீங்க அலைய வேணாம்மா. இவங்க பாத்துக்குவாங்க. வீட்டுல கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கலா" என்றார்.

நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார். எனக்கு என்னவோ ஆள் குறைப்பில் என் பேரை வாசித்த மாதிரி இருந்தது.

மறுநாளும் போனேன். ஏதோ விண்ணப்பப் பாரம் கொடுக்க வந்ததுபோல ஒரு கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடைபாதையில் நின்றேன். ஸ்டோர் அறையில் துடைப்பங்கள் இல்லை. தரை கழுவி விட்டிருந்தது. உள்ளே குறுக்காக ஒரு திரை, மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் பழசு இரண்டைப் பிரித்துத் தைத்தது. கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் இடுக்கு வழியாகக் குரல் மட்டும் வந்தது.

"தூக்கலாமா? போலே?" என்று கேட்டார் அந்தப் பெண். மலாயில் அப்படித்தான் சம்மதம் கேட்பார்கள்.

"போலே" என்றாள் மகள்.

"இந்தப் பக்கம் திருப்பட்டுமா? போலே?"

"போலே."

ஒவ்வொன்றுக்கும் கேட்டார். ஒரு தடவை மகள் "துங்கு" என்றாள். பொறு என்று. அவர் பொறுத்தார். பிறகு இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். என் மகளுக்கு 'பொறு' என்று சொல்லத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவள் அப்படிச் சிரிப்பாள் என்பதும். வயிற்றுக்குள் மிளகாயை அரைத்து விட்டதுபோல எரிந்தது. பத்து வருடமாக இந்தப் பிள்ளைக்கு எல்லாம் செய்தவள் நான். நேற்று வந்த ஒருத்தியிடம் சிரிக்கிறாள்.

மகள் அவரைக் 'கக்காக்' என்று கூப்பிட ஆரம்பித்தாள். அக்கா என்று அர்த்தம். வீட்டில் எந்நேரமும் கக்காக் பேச்சுதான். கக்காக் கை சூடா இருக்கும், தொடுறதுக்கு முந்தி தேய்ச்சுக்குவாங்க. கக்காக் என்னைப் பத்தி மத்தவங்க முன்னால பேச மாட்டாங்க. அவள் சும்மாதான் சொன்னாள். எனக்குத்தான் ஒவ்வொன்றும் குத்தியது.

ஒரு சனிக்கிழமை வீட்டில் அவளை மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று கல்யாண வீட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தாள். நானும் கை வேலையை நிறுத்தாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனையோ வருடமாக நடப்பதுதான்.

"அம்மா, கதவச் சாத்துங்க" என்றாள் மகள்.

"யாரு இருக்கா? ஆண்ட்டிதானே?"

"அதான் சாத்துங்கன்னு சொல்றேன்."

பக்கத்து வீட்டுக்காரி முகம் சுண்டிப் போய்க் கிளம்பிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. "இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா? அந்தக் கக்காக்கா?"

"நீங்க என்கிட்ட கேக்காமலேயே திருப்புறீங்க. கேட்டுட்டுத் திருப்புங்க."

"பெத்தவ கேக்கணுமா? கேட்டா உன்னப் பெத்தேன்?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டாள். நான் முடிக்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இங்கே இன்னும் நாலைந்து வரி எழுதியிருந்தேன். எழுதியதை மகளிடம் வாசித்துக் காட்டினேன். "அது என் உடம்பப் பத்தினது, எடுத்துடுங்க" என்றாள். எடுத்துவிட்டேன்.

அடுத்த மாதத்தில் ஒருநாள் அவள் பள்ளிப்பையைத் திறந்தபோது தண்ணீர்ப் போத்தல் காலியாக இருந்தது. நாலு வருடமாக நான் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் முக்கால்வாசி அப்படியே திரும்பி வரும். தண்ணீர் குடிக்காத பிள்ளை என்றுதான் நினைத்திருந்தேன். டாக்டரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது தினமும் போத்தல் காலி. குடித்தால் அந்த ஸ்டோர் அறைக்கு ரெண்டாவது தடவை போக வேண்டியிருக்கும் என்று பயந்து, நாலு வருடம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். கையில் போத்தலோடு சமையல்கட்டில் நின்றபோது இது எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த தாய் என்ன செய்திருக்க வேண்டும்? போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்திருக்க வேண்டும். எனக்கு அவர்மேல் வெறுப்புதான் கூடியது.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

மகளின் இடுப்போரம் சிவந்திருந்தது. வீல்சேர் மெத்தை ஓரம் கிழிந்து பிளாஸ்டிக் உரசியதால் வந்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும். மெத்தையை மாற்ற வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் நானே சொல்லியிருந்தேன். ஆனால் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம், "அந்தம்மா சரியா சுத்தம் பண்றதில்ல சார். பிள்ளைக்குப் புண்ணாயிருச்சு. கதவச் சாத்திக்கிட்டு உள்ள என்ன பண்றாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றேன். கடைசி வாக்கியத்தைத் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. வந்ததும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. மோட்டாரில் வரும்போது மனசு லேசாகக்கூட இருந்தது.

தலைமையாசிரியர் என்னைத் திரும்பக் கூப்பிடுவார், மறுபடி பத்து மணிக்கு நான் போவேன் என்று எதிர்பார்த்தேன். அவர் வேறு ஏற்பாடு செய்துவிட்டார். திரையைக் கழற்றச் சொன்னார். கதவு பாதி திறந்திருக்க வேண்டும், இன்னொரு பெண் ஊழியர் உள்ளே நின்று பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். மகள் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. கக்காக் பேச்சு நின்றது. நான் அதைக் கவனித்தேன், சந்தோஷப்பட்டேன். போத்தல் மறுபடி நிறைந்து திரும்ப ஆரம்பித்ததையும் கவனித்தேன். அதைப் பற்றி யோசிக்காமல் இருந்துகொண்டேன்.

மூன்றாவது வாரம் காய்ச்சல். சிறுநீர்ப் பாதையில் கிருமி என்று கிளினிக்கில் சொன்னார்கள். "தண்ணி ஏன் குடிக்கிறதில்ல?" என்று டாக்டர் மகளிடமே கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். வெளியே வந்து வாடகைக் காருக்குக் காத்திருக்கும்போதுதான் பேசினாள்.

"தினமும் வேற வேற ஆளு வந்து நிக்கிறாங்க. ஒருத்தவங்க போனப் பாத்துக்கிட்டே நிக்கிறாங்க. கதவு தொறந்து கிடக்குது, பையனுங்க அந்தப் பக்கம் போறானுங்க. கக்காக் அவங்க முதுகால என்னை மறைச்சுக்கிட்டுச் செய்றாங்க. அவங்க அழுதாங்கம்மா." பிறகு, "நீங்கதான் கம்ப்ளேன் பண்ணீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

நான் மருந்துப் பையின் முடிச்சை அவிழ்த்துக் கட்டினேன். 

அந்த நிலையிலும் என் மனம் எதைப் பிடித்துக்கொண்டு தொங்கியது என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். அந்தப் பெண் அழுததை என் மகள் பார்த்திருக்கிறாள், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு துக்கத்தை அனுபவித்திருக்கிறார்கள், அதில் நான் இல்லை. அதுதான் முதலில் வலித்தது. மகளுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்பது மெதுவாகத்தான் உறைத்தது. 

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியர், வகுப்பாசிரியை, அந்தப் பெண், மூன்று பேரையும் ஒன்றாக வைத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "புண் இவங்களால வரல. மெத்தையால வந்தது. எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றேன். "பின்ன ஏம்மா அப்படிச் சொன்னீங்க?" என்றார் தலைமையாசிரியர். "மக என்னை விட்டுட்டு இவங்கள்ட்ட ஒட்டிக்கிட்டா. தாங்கல சார்."

 வகுப்பாசிரியை அந்தப் பெண்ணுக்கு மலாயில் எடுத்துச் சொன்னார். நானும் என் தோட்டத்து மலாயில் மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே 'பரவாயில்லை' என்று சொல்லிவிடவில்லை. அதற்கு நான் இன்றும் அவரை மதிக்கிறேன். "எனக்கும் ஒரு பேர் இருக்கிறது. அதை நீங்கள் கெடுத்தீர்கள்" என்றார். பிறகு, "என்னிடம் கேட்டது போதும். அவளிடம் கேளுங்கள்" என்று எழுந்து வகுப்புக்குப் போய்விட்டார். மறுநாள் திரையை அவரே மாட்டினார் என்று ஆசிரியை சொன்னார்.

மகளிடம் கேட்டேன். அவள் படுக்கை ஓரத்தில் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து, பிசையாமல், "அம்மாவ மன்னிச்சிரு" என்றேன். அவள் ரசம் ஊற்றச் சொன்னாள். சாப்பிட்டு முடித்துவிட்டு, "பக்கத்து வீட்டு ஆண்ட்டிகிட்ட என் விஷயம் பேசுறத நிப்பாட்டுங்க. அதுக்கப்புறம் பாக்கலாம்" என்றாள். நிப்பாட்டினேன். அவள் மறுபடி என்னிடம் கலகலப்பாகப் பேச ஏழெட்டு மாதம் ஆனது. என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கட்டிலைச் சுற்றிக் கம்பி அடித்துத் துணி தொங்கவிட்டார். 

ஆறாம் ஆண்டு முடியும்வரை அந்தப் பெண்தான் அவளைப் பார்த்துக்கொண்டார். நான் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. பள்ளி விழாவில் அவர் குனிந்து மகள் காதில் ஏதோ சொன்னதையும், மகள் அவர் துடோங் முக்காட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு சிரித்ததையும் பார்த்தபோது அதே மிளகாய் எரிச்சல்தான். வித்தியாசம், இந்தத் தடவை என் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

சிரம்பானில் இடைநிலைப்பள்ளியில் சேர்க்கப் போனபோது, அங்கே பொறுப்பாசிரியை என்னிடம், "மகளுக்கு என்னென்ன உதவி தேவைப்படும்?" என்று கேட்டார். பத்து விரலிலும் எண்ணி வைத்திருந்தேன். ஆரம்பித்தும் விட்டேன்.

"அம்மா, நான் சொல்லிக்கிறேன்" என்றாள் மகள். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி வழியாக ஆசிரியை தலையாட்டி எழுதிக்கொள்வது தெரிந்தது. மகள் கையை அசைத்து எதையோ விளக்கினாள். ஒரு இடத்தில் ஆசிரியை பேனாவை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அரை மணி நேரம் பேசினார்கள். என்ன சொன்னாள் என்று அவளும் சொல்லவில்லை. பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோது, கேட்கத் துடித்த வாயைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.