விதானையாரும் நிரலின் முதல் வரியும்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. விடிந்ததும் முற்றம் கூட்டி, முந்தைய நாளின் குறிப்பை எழுதி, ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டுக் கமக்காரர் அமைப்பின், அதாவது விவசாயிகள் சங்கத்தின், அலுவலகத்தைத் திறந்தேன். பழைய கணினி போய்ப் புதியது வந்திருந்தது.

எங்கள் வயல்வெளியான வட்டையில் மறுநாள் யாருக்குத் தண்ணீர் என்று எல்லா வயல்காரரின் கைபேசிக்கும் பின்னேரத்தில் செய்தி அனுப்புவது நான் எழுதிய சிறு நிரல். செய்தி போனால்தான் முறை செல்லும். வாயால் சொன்னால் மேல்வயல்காரர் "எங்களுக்குத் தெரியாது" என்று வாய்க்காலைத் திருப்பிவிடுவார்கள். மறுநாள் முறை ஓட்டமாவடி முஸ்லிம் அண்ணன் ஒருவருடையது; காக்கா என்றுதான் அவரை அழைப்போம். அவருடைய நெல் கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

புதிய கணினியில் நிரல் ஓடவில்லை.

தேடிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. நிரலை எந்த மென்பொருள் வாசித்து நடத்த வேண்டும் என்பது முதல் வரியிலேயே இருக்க வேண்டும். என்னுடையதில் அது இரண்டாம் வரியில் இருந்தது. முதல் வரியில் பிள்ளையார் சுழி. எழுதிய அன்றே, வட்டையின் தண்ணீர் முறையைப் பார்க்கும் வட்டவிதானை பக்கத்தில் நின்று போடுவித்தது. பழைய கணினி தானாகவே சரியான மென்பொருளிடம் கொடுத்துவந்தது. புதிய கணினி வேறொன்றிடம் கொடுத்தது. அதற்கு என் நிரல் விளங்கவில்லை.

விதானையாரைக் கூப்பிட்டேன்.

"அண்ணன், சுழியை ஒரு வரி கீழ இறக்கோணும்."

"பிள்ளையாருக்கு மேல ஆரு வாறது?"

"பாஷ்."

"அது ஆருகா? எந்த ஊர்?"

"நிரலை வாசிக்கிற மென்பொருள், அண்ணன்."

"பழைய பெட்டி பேசாமத்தானே ஓடினது?"

"அது கண்டும் காணாம விட்டது. இது விடுதில்ல."

"அப்ப பக்கத்தில இருத்து. ஒரே வரியில ரெண்டு பேரும் இருக்கட்டும்."

இருத்தினேன். கணினி சுழியை ஒரு கோப்பின் பெயராக எடுத்துக்கொண்டு, அப்படியொன்று இல்லை என்றது.

"பிள்ளையாரையா இல்லையெண்டு சொல்லுது?" சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"அப்ப காக்காவுக்குத் தண்ணி இல்லையெண்டு நீங்களே சொல்லுங்க."

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "அவன்ட நெல்லு பதராப் போனா பிள்ளையார் என்னத்தான் கேப்பார். இறக்கு. ஒரு வரிதான். அதுக்குக் கீழ போகப்படாது."

இறக்கினேன்; செய்தி போனது. அவருடைய மடியிலிருந்த கைபேசிதான் முதலில் கீச்சிட்டது.

மறுநாள் காலை முதல் வேலையாக மதகடிக்குப் போனேன். காக்கா எனக்கு முந்தியே மண்வெட்டியோடு நின்றார். இருவருமாகக் கதவைத் தூக்கினோம்.