நைனாவின் பகல் தூக்கம்

அம்மாவின் பழைய நைலக்ஸ் புடவையிலிருந்து கிழித்த ஒரு துண்டு. அதன் ஒரு முனை நைனாவின் மணிக்கட்டில் கட்டியிருக்கும், மறுமுனை என் கொலுசுக்கு மேலே. எனக்கு அப்போது நான்கு வயது, அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். திருவொற்றியூரில் துறைமுகச் சாலையை ஒட்டிய குடியிருப்பில் இரண்டாவது மாடி, ஒற்றை அறை. கிரேனில் கன்டெய்னர் ஏற்றி இறக்கும் யார்டில் நைனாவுக்கு எப்போதும் நைட் ஷிஃப்ட். காலையில் அவர் படியேறி வரும்போது அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தையல் வேலைக்கு இறங்கிக்கொண்டிருப்பாள். நடுப்படியில் என்னைக் கைமாற்றிக்கொள்வார்கள். "சாப்ட்டுச்சி. தூங்கிடாத" என்பாள் அம்மா. வாரநாட்களில் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

துணி கட்டியதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை அவர் கண்ணயர்ந்தபோது நான் கீழ்மாடி வரை போய்விட்டேன். அன்று சாயங்காலம் அம்மா தீர்ப்புச் சொன்னாள்: "இன்னொரு வாட்டி புள்ள வாசலத் தாண்டிச்சின்னா வியாசர்பாடில எங்கக்கா வூட்ல வுட்டுருவேன். அப்புறம் நீ நல்லா தூங்கு." மறுநாளே நைனா புடவையைக் கிழித்தார்.

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள். நைனாவின் நித்திரை நேரமும் காலமும் அறியாது. எனக்குச் சோறு பிசைந்துகொண்டே தூங்குவார், உருண்டை கையிலேயே நிற்கும். குடத்துத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு வந்து கதை சொல்வார். "ஒரு ஊர்ல ஒரு ராஜா கீறாரு. அவருக்கு ரெண்டு பொண்டாட்டி. மூத்தவ இன்னா பண்ணா... தூக்கு, தூக்கு, அப்டியே நிறுத்து." மூத்த ராணி எத்தனையோ நாள் கிரேனிலேயே தொங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று வெயில் ஏறிய நேரம். சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கி, தலை மோதி விழித்து, என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பாயில் உட்கார்ந்தார், சாய்ந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. நான் அசைந்தால் துணி இழுத்து அவர் எழுந்துவிடுவார். அதனால் என் காலிலிருந்து முடிச்சை அவிழ்த்து, பக்கத்திலிருந்த தண்ணீர்க் குடத்தின் கழுத்தில் கட்டினேன். அவர் தூங்கட்டும் என்றுதான் கட்டினேன். படியிறங்கிப் போகும் எண்ணம் அதற்குப் பிறகுதான் வந்தது.

துறைமுகத்துக்குள் போக டிரெய்லர் வண்டிகள் எங்கள் சாலையில் வரிசையாக நிற்கும். சில நாள் பொழுது விடிந்து பொழுது போனாலும் நகராது. அந்தச் சாலையில் மரம் கிடையாது. நிழல் என்றால் டிரெய்லருக்கு அடியில்தான். எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு அது வீட்டுக்கூடம் மாதிரி. நான் போய் அங்கே படுத்தேன். நைனாவின் மகள் இல்லையா, தூங்கியும் போனேன்.

வரிசை நகர்ந்தது. கீழே இட்லிக்கடை வைத்திருந்த அக்கா வண்டிக்கடியில் என் கால் தெரிவதைப் பார்த்து, "வண்டிய நிறுத்துயா, அடியில புள்ள கீது" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து என்னை வெளியே இழுத்துப் போட்டார். முதுகெல்லாம் சிராய்ப்பு. வேறொன்றும் ஆகவில்லை. சத்தம் கேட்டு நைனா ஓடிவந்தார். குடம் கவிழ்ந்து லுங்கி நனைந்திருந்தது. நடுச்சாலையிலேயே என்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் அம்மா வந்தாள். என் கவுன்களை எடுத்துப் பையில் வைத்தாள். நான் முந்திக்கொண்டு, "நைனா முழிச்சிக்கினுதாம்மா இருந்தாரு" என்றேன். நைனா தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல. தூங்கிட்டேன்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வரை, ஒரு வருஷம், வியாசர்பாடியில் பெரியம்மா வீட்டில் இருந்தேன். நைனா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். பெரியம்மா போடும் சோற்றைச் சாப்பிடுவார், என் பக்கத்தில் படுப்பார், விளக்கு வைக்கும் வரை தூங்குவார். விளையாட மாட்டார், கதையும் கிடையாது. கிள்ளிக் கிள்ளி எழுப்புவேன். கண்ணைத் திறந்து என் தலையில் கைவைப்பார், மறுபடி தூங்கிவிடுவார். "தூங்கறதுக்கா இவ்ளோ தூரம் வந்த?" என்று பெரியம்மா கேலி செய்வார். "ஆமா அண்ணி" என்பார். எனக்கு அழுகையாக வரும்.

இப்போது நான் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி நர்ஸ். என் மகனுக்கு மூன்று வயது. காலை பதினொரு மணிக்கு என் வயிற்றில் ஏறி உட்கார்ந்து, இரண்டு விரலால் என் இமையைப் பிரித்து, "உள்ள கீறியாம்மா?" என்று கேட்கிறான். இருக்கிறேன் என்று சொல்லவும் தெம்பில்லை. வார விடுமுறைக்கு முந்தின நாள் நான் வேண்டுவது ஒன்றுதான்: ஆளில்லாத ஒரு அறை, ஒரு பாய். பெற்ற பிள்ளைகூட அங்கே வேண்டாம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

நான் போன பிறகு நைனாவுக்கு அந்த அறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவே அவரை எழுப்ப மாட்டாள். அதை விட்டுவிட்டு, நான் கிள்ளுவேன் என்று தெரிந்தே, இரண்டு பஸ் மாறி வந்து என் பக்கத்தில் படுத்தார். ஒரு ஞாயிறாவது நான் அவரைத் தூங்க விட்டிருக்கலாம்.