மணிக்கூட்டு உத்தியோகம்

ஒன்பது வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. மணிக்கூடு பார்ப்பது.

தலையில் ஒப்பரேஷன் முடிந்து அப்பாவை வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குக் கூட்டிவந்த கிழமை, தையலைப் பார்க்க ஒரு மிஸ்ஸி வந்தார். தாதிமாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். வலிப்பு வந்தால் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ் என்று அம்மாவுக்கு இரண்டு தரம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். கட்டிலுக்கு மேலே தொங்கிய மணிக்கூட்டைக் கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டச் சொன்னார்.

"வலிப்பு வந்தா நீங்கள் மணிக்கூட்டை மட்டும்தான் பாக்கவேணும். எத்தினை நிமிசமெண்டு அம்மாவுக்குச் சொல்லவேணும். ஏலுமா?"

"ஓம் மிஸ்ஸி."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுப்பாடம் எழுதும்போதும் கண் அப்பாவின் விரல்களில்தான். குசினியில் கரண்டி விழுந்தால் ஓடுவேன். கடற்கரை ரயிலுக்கு ஜன்னல் அதிர்ந்தாலும் ஓடுவேன். அம்மா கடைக்குப் போயிருந்த ஒரு பொழுதில் அப்பா கெஞ்சுவதுபோலச் சொன்னார்: "என்னைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப்போடாதை, பிள்ளை."

ஒரு சனிக்கிழமை காலை, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. கோப்பை உருண்டது. அம்மா அவரைச் சரித்துப் பிடித்தார். சத்தம் கேட்டு மேல்வீட்டு அன்ரி அலுமாரித் திறப்புக் கொத்தோடு ஓடிவந்தார். இரும்புச் சாவியைக் கையில் கொடுத்தால் வலிப்பு நின்றுவிடுமாம்.

"அக்கா, கையிலை என்னத்தையெண்டாலும் வையுங்கோ. வாயிலை மட்டும் ஒண்டும் வைக்காதேங்கோ," என்றார் அம்மா.

நான் மணிக்கூட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாலு நிமிடம். ஐந்து. முதுகுக்குப் பின்னால் கட்டில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, திறப்புகளும் குலுங்கின.

"எத்தினை?"

"மூண்டு," என்றேன். அப்படியொரு பொய்யை நான் அதற்குமுன் சொன்னதில்லை.

அம்மா போனில் யாருக்கோ எங்கள் ஒழுங்கையின் பெயரைச் சொல்வது மட்டும் கேட்டது.

ஆஸ்பத்திரியில் மருந்தைக் கூட்டிக்கொடுத்து நாலாம் நாள் அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். என்மேல் அவருக்குக் கோபமில்லை. எனக்குத்தான் அம்மாமேல் கோபம். நம்பிக்கை இல்லையென்றால் எதற்கு அந்த வேலையைத் தந்தார்கள் என்று ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அந்த நாட்களில் அம்மா குளிக்கும்போதுகூடக் கைமணிக்கூட்டைக் கழற்றியதில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றால் அப்பாவின் முகம் தெரியாது என்பதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.