தண்ணீர் தராதவர் தங்கமான மனுசனாம்

இன்று காலை கருங்குழியில் செங்கல்பட்டு பஸ் ஏறினேன். முன் சீட்டில் எங்கள் தெரு மாணிக்கம் அண்ணன். பேரூராட்சித் தேர்தல் பேச்சு வந்தது.

"பழைய தலைவர் மாதிரி வராதும்மா. தங்கமான மனுசன்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தத் தங்கம் பதவியில் இருந்த ஐந்து வருஷமும் எங்கள் தெருக் குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. எட்டு மாத வயிற்றோடு வயக்காட்டு பம்புசெட்டிலிருந்து நான் குடம் தூக்கினேன். காலிக் குடங்களோடு ஜிஎஸ்டி ரோட்டில் மறியல் செய்தபோது, போலீஸ் அடியில் கை உடைந்தது இதே அண்ணனுக்குத்தான்.

"அண்ணே, உங்க கை ஒடைஞ்சதே அவராலதான?"

"அது போலீஸ்காரன் பண்ணது. அவரு எம் பொண்ணு கல்யாணத்துக்கு வந்து, பந்தில உக்காந்து சாப்ட்டாரு. இப்ப கீறவன் எட்டிப் பாத்தானா?"

"இப்ப இருக்கறவருதான தண்ணி வுட்டாரு?"

"அது எவன் வந்தாலும் வுட்டிருப்பான்."

பஸ்ஸை விட்டு இறங்கியும் ஆத்திரம் அடங்கவில்லை.

எங்கள் ஊரில் ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்கு ஐந்து வருஷம் மறந்துபோகிறது. உங்கள் ஊரில் எப்படி?